கானா வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு: கோட்டை வாசலோடு திரும்பிவிடாதீர்கள்

அக்ராவிலும் டெமாவிலும் குடியிருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம்.

டிசம்பர் பிறந்தால் ஊரிலிருந்து அப்பா அம்மாவோ, தங்கை குடும்பமோ வந்து இறங்குவார்கள். எங்கே கூட்டிப்போவது என்று கேட்டால் நம் எல்லாரிடமும் ஒரே திட்டம்தான். விடிகாலையில் கிளம்பி கேப் கோஸ்ட் கோட்டை, மதியத்துக்குள் ககும் (Kakum) காட்டில் தொங்குபாலம், வெளிச்சம் இருந்தால் எல்மினா, இரவு வீடு. மறுநாள் கடைத்தெரு. அத்தோடு கானா முடிந்தது. அப்புறம் ‘இங்கே பார்க்க வேறென்ன இருக்கு’ என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். இந்தப் பேச்சை நம் கூட்டங்களில் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கோட்டைகளுக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்மினா 1482-இல் போர்த்துகீசியர் கட்டியது. 1637-இல் டச்சுக்காரர் கைக்குப் போனது, 1872-இல் ஆங்கிலேயருக்கு. சகாராவுக்குத் தெற்கே ஐரோப்பியர் கட்டி இன்னும் நிற்கும் கட்டடங்களில் இதுவே மிகப் பழையது. கானா கரையோரக் கோட்டைகள் எல்லாம் சேர்ந்து 1979-இலேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டன. பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நாம் பார்க்கிற விதம்தான் எனக்கு வலிக்கிறது.

கேப் கோஸ்ட்டில், அடிமைகளாகக் கப்பலேற்றப் பிடித்துவந்த ஆண்களை அடைத்துவைத்த நிலவறைக்குள் இறங்கியிருப்பீர்கள். கைக்கு எட்டாத உயரத்தில் சின்னத் திறப்பு, தரையின் நடுவே கழிவு ஓடுவதற்கு வெட்டிய வாய்க்கால். அந்தத் தரை முழுக்கக் கல் அல்ல. மனிதக் கழிவும் வியர்வையும் ரத்தமும் ஆண்டுக்கணக்கில் படிந்து இறுகிய படலம் அது. அந்த நிலவறைக்கு நேர் மேலே ஆங்கிலிகன் திருச்சபையின் வழிபாட்டு அறை இருந்தது. எல்மினாவில் பெண்களின் முற்றத்துக்கு மேலே கவர்னரின் மாடம். அங்கிருந்து கீழே பார்த்து அவர் ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பார். மறுத்த பெண்ணைக் கட்டிவைத்த இரும்புக் குண்டு இன்னும் அதே முற்றத்தில் கிடக்கிறது.

இந்த இடங்களில் நம் ஆட்கள் கூட்டமாக நின்று, கையை விரித்து, சிரித்துப் படம் எடுக்கிறார்கள். பக்கத்தில் ஓர் அமெரிக்கக் கறுப்பினக் குடும்பம் சுவரில் கை வைத்து அழுதுகொண்டிருக்கும். அவர்களுடைய கொள்ளுப்பாட்டனுக்குப் பாட்டன் இந்தக் கோட்டை வாசல் வழியாகத்தான் கப்பலுக்குப் போயிருக்கலாம். 2019-ஐ கானா அரசு ‘திரும்பி வரும் ஆண்டு’ என்று அறிவித்து அவர்களை அழைத்தது. ஆப்பிரிக்கர்கள் 1619-இல் வர்ஜீனியாவில் அடிமைகளாக இறக்கப்பட்டு 400 ஆண்டு நிறைந்ததை ஒட்டிய அழைப்பு அது. நம்பி வந்தவர்கள் முன்னால் நாம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தலாம். கைபேசியைப் பைக்குள் வைக்கலாம். குழந்தைகளிடம் உள்ளே போகும் முன்பே இது என்ன இடம் என்று சொல்லிவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியாத விஷயம் இல்லை இது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. கோட்டை என்பது ஒரு பாதையின் கடைசி வாசல். அந்தப் பாதை கானாவின் வட எல்லையில் தொடங்குகிறது. நாம் முடிவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம்.

பாகா என்ற எல்லையூரிலிருந்து சற்றுத் தள்ளி நானியா என்ற ஊரில் பிக்வோரோ என்ற பழைய அடிமை முகாம் இருக்கிறது. புர்கினா ஃபாசோ எல்லை கூப்பிடு தூரம். கட்டடம் எதுவும் கிடையாது. பாறையும் முள்மரமும் வெயிலும்தான். பிடித்துவந்தவர்களைச் சந்தைக்கு ஓட்டிப்போகும் முன் இங்கே வைத்திருந்தார்கள். பாறையில் வரிசையாகக் கிண்ணம்போல் குழிகள் தெரியும். கைதிகள் கல்லால் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய குழிகள், அவைதான் அவர்களின் சாப்பாட்டுத் தட்டு. விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், ஓரம் வழுவழுப்பாக இருக்கும். இன்னொரு பாறை தண்டனைப் பாறை. தப்பி ஓடப் பார்த்தவர்களை அதன்மேல் சூரியனைப் பார்த்தபடி உட்காரவைத்துக் கட்டிவிடுவார்களாம். காவல் காக்க உயரமாக ஒரு பாறை. அப்புறம் ஒரு தாளப் பாறை: உள்ளூர் இளைஞர்கள் கையில் கல்லை எடுத்து அதில் தட்டிப் பாடுவார்கள், முரசு அடிக்கிற சத்தம் வரும். கைதிகளும் இப்படித்தான் தட்டிப் பாடினார்கள் என்று வழிகாட்டி சொல்வார். கோட்டையில் வராத ஒன்று அங்கே எனக்கு வந்தது. பிடிபட்டவர்கள் சாப்பிட்டார்கள், பாடினார்கள், ஓடப் பார்த்தார்கள் என்பது கண்ணெதிரே தெரிந்தது. கோட்டையில் நாம் கேட்பது எண்ணிக்கையைத்தான். இங்கே ஆளைப் பார்க்கிறோம்.

அங்கிருந்து தெற்கே, அடிமைகளை விற்ற சலாகா சந்தை 270 கிலோமீட்டருக்குக் குறையாது. சலாகாவிலிருந்து, ஆற்றங்கரை ஊரான அசின் மான்சோ இன்னும் 340. அங்கிருந்து கேப் கோஸ்ட் நாற்பது சொச்சம். சென்னையிலிருந்து கன்னியாகுமரிவரை கழுத்தில் தளையோடு நடந்தால் எப்படியோ அப்படி.

ஒன்றை இங்கே நேர்மையாகச் சொல்லவேண்டும். பிடிபட்ட எல்லாருமே இந்தப் பாதை முழுக்க நடந்து கப்பல் ஏறினார்கள் என்பதுபோல் சில வழிகாட்டிகள் சொல்வார்கள். நடந்தது அதைவிடச் சிக்கலானது. குமாசியிலிருந்து ஆண்ட அசாந்தி அரசு வடக்கே தனக்கு அடங்கிய நாடுகளிடம் ஆண்டுதோறும் ஆட்களையே கப்பமாக வாங்கியது. அவர்களில் பலர் கடல்வரை போனார்கள். ஆனால் பிரிட்டன் 1807-இல் கப்பல்வழி அடிமை வணிகத்தைத் தடை செய்த பிறகும் சலாகா சந்தை ஓயவில்லை, 19ஆம் நூற்றாண்டில்தான் அது உச்சத்தில் இருந்தது. கோலா கொட்டைக்கும் மாட்டுக்கும் பக்கத்தில் மனிதரையும் நிறுத்தி விற்றார்கள். வாங்கிய வீடுகளும் தோட்டங்களும் கானாவுக்குள்ளேயே இருந்தன. வெள்ளைக்காரர் கப்பல் நின்றதும் கொடுமை நின்றுவிடவில்லை. சலாகாவுக்குப் போனால்தான் இது உறைக்கும்.

‘அவங்க ஆளுங்களே தானே பிடிச்சு வித்தாங்க’ என்று நம்மில் சிலர் சொல்வதை அறிவேன். இரண்டு பதில்கள் உண்டு.

முதல் பதில் குவோலு. அப்பர் வெஸ்ட் வட்டாரத்தில் எல்லையோரச் சிற்றூர். 19ஆம் நூற்றாண்டில் ஆள்பிடிக்கும் குதிரைப்படைகளுக்கு அஞ்சி ஊரைச் சுற்றி மண்சுவர் எழுப்பினார்கள். வீடு பிழைத்தது. ஆனால் வயலுக்கும் தண்ணீருக்கும் போனவர்கள் திரும்பி வரவில்லை. அதனால் வயலையும் நீர்நிலையையும் உள்ளே வைத்து இரண்டாவது சுவர் எழுப்பினார்கள். இன்று சுவரில் சிறு பகுதிதான் மிச்சம். ‘அவங்க ஆளுங்க’ என்று ஒரே கூட்டமாக யாரும் இருக்கவில்லை. பிடித்தவர்களும் இருந்தார்கள், தங்கள் பிள்ளைகளைக் காக்க மண் குழைத்துச் சுவர் வைத்தவர்களும் இருந்தார்கள்.

இரண்டாவது பதில் நம் கரையிலிருந்து வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்க ஐரோப்பியர் கொண்டுவந்த சரக்குகளில் துப்பாக்கியும் சாராயமும் உண்டு. ஆனால் முதலிடம் துணிக்கு. அதில் பெரும்பங்கு இந்தியப் பருத்தித் துணி. பழவேற்காடு, சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம் என்று சோழமண்டலக் கரையில் நெய்து சாயமேற்றிய துணி ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து இந்தக் கரைக்கு வந்தது. நம் நெசவாளிக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவரைக் குற்றம் சொல்லவும் இல்லை. அக்ராவின் ஓசு கோட்டையும் தரங்கம்பாடியின் டேன்ஸ்போர்க் கோட்டையும் ஒரே டென்மார்க் அரசின் கொடியின்கீழ் இருந்தவை. தரங்கம்பாடியை 1845-இலும் ஓசுவை 1850-இலும் ஆங்கிலேயருக்கு விற்றார்கள்.

இன்னும் ஒன்று. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது, டச்சுக்காரர்கள் ஆயிரக்கணக்கான தமிழர்களை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் படேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். எல்மினாவை நடத்தியதும் டச்சுக்காரர்தான், கம்பெனி மட்டும் வேறு. ஆகவே அந்த நிலவறைக்குள் நிற்கும்போது நாம் யாருடைய கதையையோ வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்ல.

சரி, எப்படிப் போவது? நான்கைந்து நாள் ஒதுக்க முடிந்தால் அக்ராவிலிருந்து தமாலேக்கு விமானத்தில் போய்விடுங்கள், ஒரு மணி நேரம்தான். அங்கே வண்டி எடுத்துக்கொண்டு வடக்கே போல்கடாங்கா, பாகா. பாகாவில் ஊரார் புனிதமாகப் போற்றும் முதலைக் குளமும் உண்டு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பாக்கூ பக்கம் மட்டும் போகாதீர்கள், அங்கே பல ஆண்டுகளாக மோதல் ஓயவில்லை. திரும்பும்போது மோலே காட்டில் ஓர் இரவு. வறண்ட மாதங்களில் யானைகள் பெரும்பாலும் குட்டைக்கு வரும், விடுதி மேட்டிலிருந்தே பார்க்கலாம். அதன் வாசலிலேயே லாராபங்கா மசூதி, மண்ணும் மரக்கொம்புகளும் வைத்துக் கட்டி வெள்ளையடித்தது. 1421-இல் எழுந்தது என்பது ஊர் வழக்கு. 1970-களில் நல்லது என்று எண்ணி சிமெண்ட் பூசப்போய், உள்ளே ஈரம் தங்கிச் சுவர் நைந்தது. 2002-இல் மினார் சரிந்தது. பிறகு பழையபடி மண் பூசும் கையையே தேடிப் பிடித்துச் சீர்செய்தார்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் வெளியிலிருந்துதான் பார்க்கவேண்டும், அதை மதியுங்கள்.

தெற்கே இறங்கினால் குமாசி. போன்விரே நெசவாளர்களிடம் கொஞ்ச நேரம் உட்காருங்கள். நான்கு விரல் அகலத்துக்கு நீள நீளமாக நெய்து, பிறகு அவற்றைப் பக்கம் பக்கமாகத் தைத்துத்தான் கென்டே துணி ஆகிறது. வெளிநாட்டுப் பட்டைப் பிரித்து நூலெடுத்து அரசவைக்கு நெய்தார்கள் என்று 18ஆம் நூற்றாண்டு டேனிஷ் குறிப்பொன்று சொல்கிறது. 2024 டிசம்பரில் இந்தக் கைவினை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகமும் அங்கேதான். 1874-இல் ஆங்கிலப் படை குமாசியைக் கொள்ளையடித்து எரித்தது. அதில் பறிபோன தங்கப் பொருள்கள் சில 150 ஆண்டு கழித்து 2024-இல் லண்டனிலிருந்து அங்கே வந்தன, அதுவும் கடனாக. சொந்த வீட்டுப் பொருளைக் கடன் வாங்கவேண்டிய நிலையை, சிலைகளைப் பறிகொடுத்த நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். வாச்சே என்கிற காராமணிச் சோறு எங்கும் கிடைக்கும். சைவம் என்றால் மேலே ஊற்றும் குழம்பையும் மீனையும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எதையும் வலக்கையால் கொடுத்து வாங்குங்கள், பெரியவர்களைக் கண்டால் முதலில் வணக்கம் சொல்லுங்கள். நம் வீட்டில் சொல்லிக்கொடுத்ததே அங்கும் போதும்.

வடக்கே போக விடுமுறை இல்லை என்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்த ஒருநாள் பயணத்திலேயே தொங்குபாலத்தை விட்டுவிட்டு, கோட்டைக்கு முன்னால் அசின் மான்சோவுக்குப் போங்கள். குமாசி சாலையில்தான் இருக்கிறது. விற்பதற்கு முன் கைதிகளைக் கடைசியாகக் குளிப்பாட்டிய ஆறு அங்கே மூங்கில் நிழலில் ஓடுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கரைக்கு நடப்பார்கள். பக்கத்தில் இரண்டு கல்லறைகள். ஒன்று அமெரிக்காவில் இறந்த சாமுவேல் கார்சனுடையது, மற்றது ஜமைக்காவில் இறந்த கிறிஸ்டல் என்ற பெண்ணுடையது. 1998-இல் இருவரின் எலும்புகளையும் கடல்வழியாகக் கொண்டுவந்து, கைதிகளைக் கப்பலுக்கு வெளியேற்றிய, ‘திரும்பாத வாசல்’ என்று பெயர்பெற்ற அதே கேப் கோஸ்ட் வாசல் வழியாக உள்ளே எடுத்து, இங்கே அடக்கம் செய்தார்கள். இதைப் பார்த்துவிட்டு மதியம் கோட்டைக்குப் போங்கள். வாசலருகே நிற்கும்போது அது எந்தப் பக்கம் திறக்கிறது என்று பிள்ளைகளே உங்களிடம் சொல்வார்கள்.

வண்டி, வழிகாட்டி, தங்குமிடம் பற்றிக் கேட்க விரும்பினால் தயங்காமல் கேளுங்கள். நம் சங்கத்தின் பொங்கல் கூட்டத்தில் இதற்கென்று அரைமணி நேரம் ஒதுக்கச் சொல்லிப் பொறுப்பாளர்களிடமும் கேட்கப்போகிறேன்.

அன்புடன்,
டெமாவிலிருந்து உங்களில் ஒருவன்