சனிக்கிழமை ஆட்டத்துக்கு நாங்களும் வருகிறோம்

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு மகள் கலைவாணிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழை பெய்தால் கூடுவதும் வெயில் வந்தால் குறைவதுமாக இருக்கிறது. நீ அங்கே சிங்கப்பூரில் வேளைக்குப் பசியாறி, நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். நான் சொல்ல நினைப்பதைத் தொலைபேசியில் கோவையாகச் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன்.

கோலாலம்பூர் மாபா அரங்கில் நடக்கும் பெண்கள் கூடைப்பந்து ஆட்டத்துக்கு நீ வரப்போவதாகவும், நாங்களும் தலைநகருக்கு வந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒன்றாக இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தாய். வருகிறோம். அம்மா நேற்றே பயணப் பையை எடுத்து வெயிலில் காயப்போட்டுவிட்டாள். ஆனால் நீ அனுப்பிய திட்டத்தைப் படித்தபோது ஒன்று மனத்தை உறுத்தியது. இரட்டைக் கோபுரம், புக்கிட் பிந்தாங், பத்துமலை, மறுநாள் கெந்திங் என்று எங்களுக்காக அத்தனை இடங்களையும் எழுதிவிட்டு, இரவு எட்டு மணி ஆட்டத்துக்கு எதிரில், அலுப்பாக இருந்தால் நீங்கள் இருவரும் அறையில் ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்று குறித்திருந்தாய். பாப்பா, நாங்கள் வருவதே அந்த ஆட்டத்துக்காகத்தான். மற்ற இடங்கள் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை. அவற்றுக்கு இன்னொரு நாள் வரும். ஆட்டத்தை நடுவில் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் என்ன இடம் கொள்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொள்வோம்.

முதலில் உன் பயணம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பேருந்து ஏறுவதாக எழுதியிருக்கிறாய். வெள்ளி மாலையில் உட்லண்ட்ஸ் பாலத்தில் நிற்கும் கூட்டம் உனக்குத் தெரியாததன்று. சோதனைச் சாவடியிலேயே இரண்டு மூன்று மணி நேரம் நின்று, நள்ளிரவு தாண்டித் தனியாக வந்து இறங்குவாய். அதைவிட அன்றிரவு நன்றாகத் தூங்கி, சனிக்கிழமை விடியும் முன் புறப்படும் பேருந்தைப் பிடித்தால், ஐந்து ஆறு மணி நேரத்தில், உச்சி வெயிலுக்குள் தெற்கு ஒருங்கிணைந்த முனையத்துக்கு வந்துவிடலாம். அதை ஒட்டியே பண்டார் தாசேக் செலாத்தான் நிலையம் இருக்கிறது. ஸ்ரீ பெட்டாலிங் தடத்து எல்ஆர்டி நகர இரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் பிளாசா ராக்யாட்டில் இறங்கலாம், அங்கிருந்து ஹங் ஜெபாட் சாலையிலுள்ள அரங்கு நடக்கும் தூரம்தான்.

எங்கள் பாடு எளிது. சுங்கை சிப்புட்டில் நிற்கும் ஈடிஎஸ் மின்சார இரயில்கள் குறைவு என்பதால், காலையில் ஈப்போவுக்குப் போய் அங்கே ஏறுவதாக இருக்கிறோம். ஈப்போவிலிருந்து கேஎல் சென்ட்ரல் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். வார இறுதி இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னதால், போகவும் வரவும் அவரைக் கொண்டே கைப்பேசியில் பதிவு செய்துவிட்டேன். ஆட்டத்தின் நுழைவுச்சீட்டை நீ வாங்கு. அறை வாடகையை நான் கொடுக்கிறேன். இதில் என்னோடு வாதாடாதே.

அறையைப் பிரிக்பீல்ட்ஸில் எடுக்கலாமா, துன் எச். எஸ். லீ சாலைப் பக்கம் எடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிரிக்பீல்ட்ஸ் நம் ஊர் போல இருக்கும், இரயிலடியும் பக்கம். ஆனாலும் இரண்டாவதே நல்லது என்று முடிவு செய்தேன். கேஎல் சென்ட்ரலிலிருந்து நடைபாதை வழியாக முசியம் நெகாரா நிலையத்துக்குப் போய் எம்ஆர்டி நகர இரயிலில் ஒரே ஒரு நிறுத்தம் போனால் பாசார் செனி, இறங்கியதும் அறை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் 1873இல் எழுந்த அந்த மகா மாரியம்மன் கோயிலுக்கு அம்மா நடந்தே போய்விட்டு வரலாம். ஆட்டம் முடிந்த இரவிலும் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. அரங்குக்குப் போகும் வழி கொஞ்சம் மேடு என்பதால், போகும்போது மட்டும் அம்மாவுக்காகக் கிராப் வாடகைக் கார் பிடித்துக்கொள்வோம்.

நேரக் கணக்கும் பார்த்தேன். பத்து நிமிடமாக நான்கு பகுதி, மொத்தம் நாற்பது நிமிடம் என்றாலும், விசில் ஊதும்போதெல்லாம் கடிகாரம் நின்றுவிடுவதாலும், நடுவில் இடைவேளை இருப்பதாலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும் என்று நீதான் ஒருமுறை விளக்கினாய். எட்டுக்குத் தொடங்கினால் பத்தாகிவிடும். ஆகவே ஆறு மணிக்கே சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஏழரைக்கு இருக்கையில் உட்கார்ந்துவிட வேண்டும். ஆட்டக்காரப் பெண்கள் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு வரிசையாக ஓடிவந்து பந்து போடுவதை நான் முழுவதும் பார்க்க விரும்புகிறேன். மதியம் நேரம் இருந்தால் பக்கத்தில்தானே இருக்கிறது என்று மெர்டேக்கா அரங்கை வெளியே நின்று பார்க்கலாம். 1957 ஆகஸ்ட் 31 அன்று உன் தாத்தா தோட்டத்து ஆபீஸ் வானொலியைச் சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவராக நின்று கேட்ட சுதந்திர அறிவிப்பின் குரல் அங்கிருந்து வந்தது. கடைகளுக்குப் போக வேண்டாம்.

இவ்வளவு பிடிவாதமாக ஏன் எழுதுகிறேன் என்று நீ கேட்கலாம். பள்ளியில் நீ ஆடிய ஐந்து ஆண்டுகளில் உன் ஆட்டம் ஒன்றைக்கூட நான் வந்து பார்க்கவில்லை. சனிக்கிழமைகளில் தோட்டத்து ஆபீசில் சம்பளக் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது என்பது உண்மை. ஆனால் அது பாதி உண்மைதான். உன் அரைக்கால் சட்டையைப் பற்றிச் சொந்தக்காரர்கள் சிலர் பேசியபோது அவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருந்தேன், அந்தப் பேச்சை இன்னொரு முறை கேட்க நேரும் என்று திடலுக்கு வராமலும் இருந்தேன். ஈப்போவில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு அம்மா மட்டும் பேருந்து ஏறி வந்து, உன் ஒன்பதாம் எண் சட்டையைக் கூட்டத்தில் தேடிக் கண்டுபிடித்து, நீ கடைசியில் இரண்டு ஃபிரீ துரோவையும் போட்டதை வீட்டுக்கு வந்து கையை உயர்த்திக் காட்டிச் சொன்னாள். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். அன்று உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

நாம் இருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னாலிருந்த ரம்புத்தான் மரத்தில், பழைய பீப்பாயின் இரும்பு வளையத்தைத் தோட்டத்துத் தச்சரைக் கொண்டு நான் அடித்துக் கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். பத்தடி உயரம் சரியாக இருக்க வேண்டும் என்று ஏணி வைத்து அளந்தேன். இருட்டும் வரை நீ அதில் பந்து போடுவாய். பந்தின் மேலிருந்த பொடிப் புள்ளியெல்லாம் தேய்ந்து, உலர்ந்த ரப்பர் பாலைத் தொடுவது போல வழவழப்பாகிவிட்டது. பள்ளியில் பந்து வளையத்தில் பட்டுப் பட்டு வெளியே விழுகிறது, வீட்டில் மட்டும் உள்ளே விழுகிறது, என் கைதான் கெட்டுவிட்டது என்று ஒரு நாள் நீ அழுதாய். பட்டணத்து வீட்டுக்குக் குடிவந்தபோது அந்த வளையத்தைக் கழற்றி அளவுநாடா வைத்துப் பார்த்தேன். அறுபது சென்டிமீட்டர் இருந்தது. உண்மையான வளையம் 45 சென்டிமீட்டர்தான். உயரத்தை அளந்த நான் அகலத்தை அளக்கவில்லை. உன் கையில் ஒரு குறையும் இருந்ததில்லை, பாப்பா. இதை உனக்கு எப்போதோ எழுதியிருக்க வேண்டும்.

அம்மாவுக்கு வேறொரு ஆசை. அவள் பள்ளியில் வலைப்பந்து ஆடியவள், எதிரணி கோல் போடாமல் தடுக்கும் கோல் டிபென்ஸ் இடத்தில் நின்றவள். தன் அணி கோல் போடும் பகுதிக்குள் அவள் காலெடுத்து வைக்கக் கூடாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் கூடாது. கூடைப்பந்து 1891இல் அமெரிக்காவில் தோன்றிய மறு ஆண்டே, சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை தம் கல்லூரிப் பெண்களுக்காக விதியை மாற்றி, திடலை மூன்று பகுதியாகப் பிரித்து, யாரும் தம் பகுதியைத் தாண்டக் கூடாது, அடுத்தவர் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது என்று வைத்தாராம். பெண்கள் ஆட இடம் கிடைத்ததே அன்றைக்குப் பெரிது என்பதால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் பெண்கள் கூடைப்பந்தை ஆடி ஆடி மாற்றிக்கொண்டதிலிருந்து பிறந்ததே வலைப்பந்து. ஆண்களின் கூடைப்பந்து 1936இலேயே ஒலிம்பிக்கில் சேர்ந்துவிட, பெண்கள் 1976 வரை, நாற்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள். இதையெல்லாம் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 28 மீட்டர் நீளத் திடல் முழுவதும் அந்தப் பிள்ளைகள் ஓடுவதை நேரில் பார்க்க வேண்டும் என்றாள்.

2017 சீ எனும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் இதே அரங்கில் நம் நாட்டுப் பெண்கள் தங்கம் வென்ற இரவில், நீ தொலைபேசியில் அழைத்து ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினாய். நீ சொன்னதில் பாதி எனக்கு அன்று புரியவில்லை. இப்போது 24 விநாடிக்குள் பந்தை வளையத்துக்கு எறிய வேண்டும் என்ற கணக்கும், ஐந்து ஃபவுல் ஆனால் வெளியேற வேண்டும் என்பதும் தெரியும். மற்றவற்றை ஆட்டத்தின்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடு.

உன்னோடு ஆடிய அந்தச் சீனப் பிள்ளை, நீ நிற்கும் இடம் பார்த்துப் பந்து தருவாள் என்று சொல்வாயே, அவள் இப்போது தலைநகரில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவளையும் அழை, அவளுக்கும் நான்காவது சீட்டாக எடுத்துவிடு. ஞாயிறு காலை கோயிலுக்குப் போய்வந்ததும் எல்லாரும் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, மாலைக் கூட்டம் பாலத்தில் சேர்வதற்குள் நீ எல்லை கடக்கும்படி முன்கூட்டியே பேருந்து ஏறிவிடு.

இடம் எடுக்கும்போது ஒன்றை மட்டும் கவனி. திடலின் நடுப்பக்கத்திலிருந்து பார்த்தால்தான் ஆட்டம் முழுவதும் தெரியும் என்று நீ சொல்வாய், அது சரியாகவே இருக்கும். இருந்தாலும் முடிந்தால் வளையத்துக்குப் பக்கமாக எடு. அது எவ்வளவு சிறியது என்று நான் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா