நாட்டைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்து இணைப் பாடசாலை தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுப் பாடசாலைகளுடன் மாணவர் பரிமாற்றம் என்றதும் மலையகத்தில் பலருக்கும் நினைவுக்கு வருவது கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எடுத்த குழுப்படம்தான். இரண்டு பிள்ளைகள் போய் வருவார்கள். மற்றவர்களுக்குக் கிடைப்பது காலைக் கூட்டத்தில் ஓர் உரை. போய் வருவது நல்லதே. அதற்கு முன் ஓராண்டாவது இங்குள்ள ஒரு வகுப்பும் அங்குள்ள ஒரு வகுப்பும் காணொளிச் சந்திப்புகளில் சேர்ந்து ஏதாவது வேலை செய்திருந்தால்தான் அந்தப் பயணத்துக்குப் பொருள் உண்டு. அதிகச் செலவில்லாமல் இதைச் செய்யலாம். ஆரம்பத்தில் எடுக்கும் சில முடிவுகள்தான் காரியத்தைக் கெடுக்கின்றன.

முதல் தவறு, இணைப் பாடசாலையைப் பிரித்தானியாவில் தேடுவது. குளிர்காலத்தில் அங்கே காலை 9 மணி என்றால் இங்கே பிற்பகல் 2.30. நமக்குப் பாடசாலை 1.30க்கு விட்டுவிடும், தோட்டத்துப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடியிருப்பார்கள். மார்ச் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகும் அவர்களுடைய 9 மணி நமக்கு 1.30தான். பிற்பகலில் மலையில் மழையும் இடியும் வேறு. தகரக்கூரையில் மழை கொட்டும்போது எந்த ஒலிவாங்கியாலும் பயனில்லை.

ஜப்பானும் தென்கொரியாவும் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னே. நமக்குக் காலை 10 மணி என்றால் அங்கே 1.30; பெரும்பாலான ஜப்பானியப் பாடசாலைகளில் மதிய உணவு முடிந்து வகுப்பு தொடங்கும் வேளை. சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னே. அங்கே இடைநிலைப் பாடசாலைகளில் தமிழ் ஒரு பாடம் என்பதால் தமிழிலேயே பேசலாம். சிட்னியில் பாடசாலை 3 மணியளவில் முடிகிறது. அது நமக்குக் காலை 10.30, அவர்களுடைய கோடைகால நேரத்தில் 9.30.

எங்கள் தெரிவு ஜப்பான். ஆங்கிலம் அந்தப் பிள்ளைகளுக்கும் இரண்டாம் மொழி. தட்டுத்தடுமாறிப் பேசுவதில் இரு பக்கமும் சமம் என்று தெரிந்தால் நம் பிள்ளைகள் வாய் திறப்பார்கள். ஆங்கிலேயப் பிள்ளைகள் மளமளவென்று பேசினால் தரம் 9 வகுப்பு முழுவதும் ஆசிரியரின் முகத்தையே பார்க்கும்.

அடுத்தது, என்ன வேலை செய்வது என்பது. பெயர், பிடித்த உணவு, பண்டிகை என்று பேசினால் இரண்டாம் சந்திப்போடு சரக்குத் தீர்ந்துவிடும். இருவருக்கும் பொதுவான ஒரு கேள்வி வேண்டும். நமக்கும் ஜப்பானுக்கும் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: மழையும் மண்சரிவும். 2014 ஓகஸ்டில் ஹிரோஷிமாவில் மலைச்சரிவு குடியிருப்புகளை மூடியது. அதே ஆண்டு ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் புதைந்தன.

இரு பாடசாலைகளும் ஒரே அளவில் மழைமானி செய்யலாம். வாய் விட்டம் 10 செ.மீ. உள்ள புனலை ஒன்றரை லீற்றர் போத்தலில் பொருத்துங்கள். புனல் வாயின் பரப்பு 78.5 சதுர செ.மீ.; ஆகவே சேர்ந்த நீரில் 7.85 மில்லிலீற்றருக்கு 1 மி.மீ. மழை. நீரை விஞ்ஞானகூட அளவுச்சாடியில் ஊற்றி 7.85ஆல் வகுத்தால் கணக்கு முடிந்தது. வாய் நிலத்திலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், தாழ்ந்தால் நிலத்தில் பட்ட துளி தெறித்து உள்ளே விழும். கட்டடத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி, முளைக் கம்பில் கட்டி வையுங்கள். பெரும்பாலும் பிழைப்பது இங்கேதான்: பாதுகாப்பு என்று கூரை ஓரத்தில் வைப்பார்கள், மழைமானி கூரைத் தண்ணீரை அளக்கும்.

வாசிப்பு நேரத்தை முதலிலேயே எழுத்தில் தீர்மானியுங்கள். நமது வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30க்கு அளப்பது வழக்கம். ஜப்பானில் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரு நாள். இதைப் பேசிக்கொள்ளாவிட்டால் இரு அட்டவணைகளும் ஒருநாளும் ஒத்துப்போகா. பிள்ளைகள் தங்கள் மழைமானியில்தான் பிழை என்று நினைப்பார்கள். சனி, ஞாயிறு வாசிப்புக்குப் பாடசாலைக்குப் பக்கத்து லயத்துப் பிள்ளை ஒருவர் பொறுப்பேற்கட்டும். முடியாவிட்டால் திங்கட்கிழமை அளவை மூன்று நாள் மழை என்று குறித்துவிடுங்கள். மூன்றாகப் பங்கிட்டு எழுத வேண்டாம்.

எண்கள் வந்ததும் பேச்சு தானாக வரும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அளவுகள் 24 மணி நேரத்தில் 75, 100, 150 மி.மீ. முதலாவதில் விழிப்பு, இரண்டாவதில் வெளியேற ஆயத்தம், மூன்றாவதில் வெளியேற்றம். நம் போத்தலில் இவை 589, 785, 1178 மில்லிலீற்றர். போத்தலில் மூன்று கோடுகள் போட்டால் தரம் 6 பிள்ளைக்கும் விளங்கும். ஜப்பானில் யார் எச்சரிக்கை விடுகிறார்கள், ஊர் எப்படி வெளியேறுகிறது என்று நம் பிள்ளைகள் கேட்கட்டும்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை. ஜூன், ஜூலையில் ஜப்பானிலும் மழைக்காலம். ஆகவே மே நடுவில் தொடங்கலாம். பதுளை, பசறைப் பக்கம் அப்போது காய்ந்து கிடக்கும். அங்குள்ளவர்கள் ஒக்டோபருக்குக் காத்திருப்பது நல்லது.

இலவச சூம் சந்திப்பு 40 நிமிடத்தில் நின்றுவிடும். நம் பாடவேளையும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஜப்பானில் 50. இணைப்புச் சரிபார்க்கவே பத்து நிமிடம் போகும். அதைச் சந்திப்புக்கு முந்தின நாள் அதே நேரத்தில், அதே அறையில், அதே சிம் அட்டையுடன் செய்து பாருங்கள். பள்ளத்தில் இருக்கும் பாடசாலைகளில் ஒரு மூலையில் மட்டுமே சிக்னல் வரும். ஒரு மணி நேர வீடியோவுக்குச் சுமார் 1 ஜீபி டேட்டா ஒதுக்குங்கள். ஒரே அறையில் இரண்டு கருவிகளின் ஒலிவாங்கிகள் திறந்திருந்தால் ஊளைச் சத்தம் வரும். ஒன்றை மட்டும் திறந்து வையுங்கள், பேசும் பிள்ளை அதனருகே வரட்டும். இணைப்பு அறுந்தால் அனுப்புவதற்கு இரண்டு நிமிடக் காணொளி ஒன்றை முன்கூட்டியே பதிந்து வைத்திருங்கள்.

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆசிரியர் இடமாற்றமும் அப்போதுதான். மார்ச் கடைசியில் உங்கள் தொடர்பாளர் வேறு ஊருக்குப் போய்விடலாம். நம் பக்கமும் அப்படித்தான். இரு பாடசாலைகளிலும் இருவர் வீதம் தொடர்பில் இருந்தால் கயிறு அறாது. சாதாரண தரப் (சா/த) பரீட்சை எழுதும் வகுப்பை விடுங்கள். தரம் 9, 10 போதும். பிள்ளைகளின் சொந்தத் தொலைபேசி எண்களைப் பரிமாற விடாதீர்கள். படம் அனுப்பப் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும்.

பிறகு பயண வாய்ப்பு வந்தால், தடை பணமாக இருப்பதைவிடக் காகிதமாக இருப்பதே அதிகம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொரு பெயர், தந்தையின் பெயர் எழுத்து மாறி இருக்கும். திருத்த விண்ணப்பம் பிரதேச செயலகத்திலிருந்து திரும்ப மாதங்கள் ஆகலாம். பயண அழைப்போ சில வாரங்களே தரும். கடவுச்சீட்டுக்குப் பெற்றோர் சம்மதமும் தேவை. தாய் குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்தால் சம்மதக் கடிதத்தை அங்குள்ள நமது தூதரகம் அத்தாட்சிப்படுத்த வேண்டும். எனவே இணைப்பு தொடங்கும் மாதத்திலேயே வகுப்பாசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் வாங்கிப் பாடசாலைப் பதிவோடு ஒப்பிடட்டும். பயணமே வராவிட்டாலும் தேசிய அடையாள அட்டை எடுக்கையில் அந்தத் திருத்தம் உதவும்.

வலயக் கல்விப் பணிமனைகளிடம் ஒரு வேண்டுகோள். புதிய ஆண்டுக்கான நேரசூசி தயாராகும்போது, விருப்பம் தெரிவிக்கும் பாடசாலைகளில் ஒரு வகுப்புக்காவது வாரத்தில் ஒரு நாள் காலை 10 மணியை ஒட்டி ஆங்கிலமும் விஞ்ஞானமும் அடுத்தடுத்த பாடவேளைகளாக அமைய அனுமதியுங்கள். பரிமாற்றத் திட்ட அறிவித்தல்களை வலயத்துக்கு வந்த அன்றே அதிபர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள். கடிதம் பின்னால் வரட்டும்.

இங்ஙனம்,
ஆசிரியர்கள் சிலர்,
ஹட்டன்