எடைக்குப் போட்ட கட்டு

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அவ்வளவு பேசியும் நான் ‘ம்’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஏற்காட்டை வைத்து ஒரு திகில் நாவல் ஆரம்பித்தாய், மூணு அத்தியாயம் முடிந்தது, கூட வேலை செய்கிறவர்கள் “பேய்க்கதையா?” என்று கேட்டதும் நிறுத்திவிட்டாய். இதைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ பத்தாவது படிக்கும்போது, வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்து எடுத்து, பட்டறையில் கொலுசு கட்டுகிற நூலால் தைத்து வைத்திருந்தாய். மேலே ஒரு காலண்டர் அட்டை. அதில் ஸ்கெட்ச் பேனாவால், கதையை எழுதியவர் பெயரை, ‘இந்திரா சௌந்தர்ராஜன்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாய். அரைப்பரீட்சையில் கணக்கில் மார்க் குறைந்த கோபத்தில், அந்தக் கட்டைத் தூக்கிப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். நீ அழவில்லை. ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். அப்புறம் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்டதில்லை. ஏன் போட்டாய் என்று கேட்டுச் சண்டை போட்டிருந்தால் எனக்கு மனசு லேசாகியிருக்கும்.

2024 நவம்பர் 10ஆம் தேதி, அந்த எழுத்தாளர் மதுரையில் காலமாகிவிட்டார் என்று டிவியில் சொன்னார்கள். இன்னும் மூணு நாள் இருந்திருந்தால் 66 வயது நிறைந்திருக்கும். அன்றைக்குத்தான் அவர் பிறந்தது நம்ம சேலத்தில் என்றே எனக்குத் தெரிந்தது. 1958இல் பிறந்தவர். வாழ்ந்ததெல்லாம் மதுரை என்பதால் மதுரைக்காரர் என்றே நினைத்திருந்தேன். சௌந்தர்ராஜன்தான் அவர் பெயர், முன்னால் இருக்கிற இந்திரா அவருடைய அம்மா பெயர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெயரைத்தான் நீ அட்டையில் அத்தனை அழகாக எழுதி வைத்திருந்தாய். அன்றைக்கு அடுப்பில் வைத்த பால் பொங்கியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் நூலகத்துக்குப் போனேன். அதிலிருந்து மதியம் பட்டறை வேலை ஓய்ந்த பிறகு அவரைத்தான் படிக்கிறேன். அவர் எழுதியது நூற்றுக்கணக்கான நாவல்களாம். அது போக எத்தனையோ பத்திரிகைத் தொடர்கள், டிவி தொடர்கள், கடைசி வருஷங்களில் ஆன்மிகச் சொற்பொழிவுகள். எல்லாமே ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். வாரா வாரம் கெடுவுக்கு எழுதிக் கொடுத்த அவசரம் சில கதைகளில் தெரிகிறது. ஆனால் நன்றாக எழுதியதைப் படிக்கும்போது ராத்திரி கொல்லைக் கதவைத் தாழ் போட ரெண்டு தடவை எழுந்து போயிருக்கிறேன்.

மர்மதேசம் உனக்கு நினைவிருக்கும். அவர் எழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து சன் டிவியில் வந்தது. அதில் ‘விடாது கருப்பு’ கதை ஓடுகிற நேரத்தில் நம்ம தெருவில் ஒரு சைக்கிள்கூடப் போகாது. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் நீ என் முந்தானைக்குள் வந்துவிடுவாய். தப்பு செய்தவனைக் கருப்புசாமிதான் வந்து தண்டிக்கிறார் என்று ஊரே நம்பும். கடைசியில் பார்த்தால் ஒருவனுடைய மனசுக்குள் குடியிருக்கும் இன்னொரு ஆள்தான் அத்தனைக்கும் காரணம் என்று முடியும். அன்றைக்கு உங்கப்பா, “பார்த்தாயா, எல்லாம் மனோவியாதி” என்றார். அம்மாயி, “அந்த மனசுக்குள்ளே வந்து உட்கார்ந்தது யாருன்னு கேளு” என்றார். ரெண்டு பேரும் தான் ஜெயித்ததாகவே நினைத்துப் படுக்கப் போனார்கள்.

இப்போது படிக்கப் படிக்கத்தான் அது அவர் வேண்டுமென்றே செய்தது என்று புரிகிறது. நம்புகிறவரையும் நம்பாதவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்கிறார். யாரையும் கேலி செய்வதில்லை. நம்பாதவன் கேட்கிற கேள்விகளை முழுசாகக் கேட்கவிடுகிறார், கிழவி சொல்வதையும் முழுசாகச் சொல்லவிடுகிறார். பயம் அந்த ரெண்டுக்கும் நடுவில் இருந்துதான் வருகிறது. ‘ரகசியம்’ கதையிலும் அப்படித்தான். நவபாஷாண லிங்கம், சித்தர்கள், ராத்திரி கோயிலில் தங்கினால் உயிரோடு திரும்ப முடியாது என்ற பயம், அதைத் துருவிப் பார்க்க வருகிற ஆட்கள்.

இந்தச் சரக்கெல்லாம் நம்ம ஊரிலும் கிடக்கிறதே, கண்ணு. அமாவாசைக்கு அம்மாயி உன்னைக் கஞ்சமலைக்குக் கூட்டிப் போவார். ஒரு சித்தரின் சீடன் சோறு பொங்கும்போது ஒரு குச்சியை ஒடித்துக் கிளற, சோறு கறுத்துப்போக, பயந்து அதைத் தானே தின்று இளைஞனாகிவிட்டான் என்ற கதையை மலையடிவாரத்தில் உட்கார்ந்து சொல்வார். உங்கப்பாவோ அதே மலையில் இரும்புத் தாது இருக்கிறது, அதனால்தான் உருக்காலையை அடிவாரத்தில் கட்டினார்கள் என்பார். ஒரே மலைக்கு ரெண்டு கதை. ரெண்டையும் கேட்டு வளர்ந்தவள் நீ.

ஏற்காடும் அப்படித்தான். மலை உச்சியில் 5,300 அடிக்கு மேலே சேர்வராயன் குகைக் கோயில். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். குகை காவிரி வரைக்கும் போகிறது என்று சொல்வார்கள். நீ ஆறு வயதில் அங்கே என் கையை உதறிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, “யாரு இருக்கா?” என்று கத்தினாய். பூசாரி சிரித்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உன் நாவலில் அந்தக் குகை வருகிறதா? 20 கொண்டை ஊசி வளைவுகளில் பனி இறங்கும்போது பஸ் டிரைவர் பேச்சை நிறுத்திவிடுவாரே, அது வருகிறதா? கோடை மழை விழுந்த பிறகு காப்பித் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்குமே, அந்த வாசனை நடுவே ஒரு பயம் வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கே தோன்றுகிறது.

உன் ஆபீஸ்காரர்களுக்கு ஒன்று சொல். 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் நம்ம மாத நாவல்காரர்களின் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்துப் போட்டது. மொழிபெயர்த்தவர் ப்ரீத்தம் கே. சக்ரவர்த்தி. அதில் இவர் கதையும் இருக்கிறது. தமிழே தெரியாதவர்கள்கூட அதைப் படித்திருக்கிறார்கள்.

வேலையை விட்டுவிட்டு எழுது என்று நான் சொல்லவில்லை. ராத்திரி ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். நாலாவது அத்தியாயத்தை மட்டும் எழுது.

அந்தக் கட்டைத் தேடிப் பழைய பேப்பர் கடைக்கும் போய்ப் பார்த்தேன். கடையே கைமாறிவிட்டது. கிடைக்காது என்று தெரிந்துதான் போனேன். வரும் வழியில் நூல் ஒரு கண்டும் ஒரு ஸ்கெட்ச் பேனாவும் வாங்கி வந்தேன். காலண்டர் அட்டை வீட்டிலேயே இருக்கிறது. உன் மூணு அத்தியாயத்தையும் பிரிண்ட் எடுத்து கூரியரில் அனுப்பு. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். இடது பக்கம் ஒரு அங்குலம் விட்டு எடு, தைப்பதற்கு இடம் வேண்டும்.

அம்மா