ஜன்னலை ஏன் திறந்தார்கள்?

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

போன வாரம் நீ போனில் சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அயர்லாந்தில் நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் அந்தத் தாத்தா இறந்ததும், குளிர் அடிக்கிறதே என்று நீ ஜன்னலைச் சாத்தியிருக்கிறாய். கூட வேலை பார்க்கிற அந்த ஊர் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் வந்து திறந்துவிட்டுப் போயிருக்கிறார். "ஏதோ தப்பு செஞ்ச மாதிரி ஆயிடுச்சுப்பா" என்றாய். தப்பு ஒன்றுமில்லை. உயிர் வெளியே போக வழி விடுவது அவர்கள் வழக்கம். அந்தக் காலத்தில் வீட்டுக் கடிகாரத்தையும் நிறுத்திவிடுவார்கள், கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிடுவார்கள்.

அங்கே நாட்டுப்புற வழக்கங்களைத் தொகுத்த ஷான் ஓ சல்லிவன் என்பவர் சாவு வீட்டு விளையாட்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் 1967ல் வந்தது. ஆமாம், விளையாட்டுதான். உடலை வீட்டில் வைத்துக்கொண்டு விடிய விடியக் கதை, சீட்டு, புகையிலை, இளவட்டங்களின் பலப்பரீட்சை. ஒரு பக்கம் ஒப்பாரி, இன்னொரு பக்கம் சிரிப்பு. பாதிரியார்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டித்தும் ஜனங்கள் விடவில்லை. பறையடித்து ஆடிக்கொண்டு சாவு எடுக்கிற ஊரில் பிறந்த நமக்கு இது புரியாதா என்ன!

அயர்லாந்தைப் பற்றி எதிலிருந்து படிக்க ஆரம்பிப்பது என்று கேட்டாயே, தடித்தடியான வரலாற்றுப் புத்தகத்தில் மட்டும் ஆரம்பிக்காதே. வைக்கிங், நார்மன், குரோம்வெல் என்று படையெடுத்து வந்தவர்களின் தேதிகளில் மாட்டிக்கொண்டு நாற்பதாம் பக்கத்தில் தூங்கிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். நீ தினமும் தலைவாரி, சோறூட்டிவிடுகிற கிழவர்களும் கிழவிகளும் வளர்ந்த வீடு எப்படி இருந்தது? அங்கிருந்து தொடங்கு.

அதற்கு ஒரு புதையல் இருக்கிறது. 1937லிருந்து 1939 வரை அங்கே ஐயாயிரம் தொடக்கப் பள்ளிகளில் மேல் வகுப்புப் பிள்ளைகளை, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். பேய்க்கதை, கை வைத்தியம், மழைக்குறி, விடுகதை, பஞ்சத்தின் ஞாபகம், எதையும் விடவில்லை. மொத்தம் 7,40,000 பக்கம் சேர்ந்தது. ஆசிரியர்களுக்கு என்னென்ன கேட்கலாம் என்று வழிகாட்டி எழுதிக் கொடுத்தவரும் அதே ஓ சல்லிவன்தான். இப்போது 'டூகஸ்' என்ற தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது, பிள்ளைகளின் கையெழுத்தோடு. உன் வார்டில் தொண்ணூறு தாண்டியவர்களின் அக்கா, அண்ணன் எழுதியதுகூட அதில் இருக்கும்.

நான் பத்து நாளாக அதில்தான் விழுந்து கிடக்கிறேன். வெண்ணெய் கடைகிற நேரத்தில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் நாலு கடை கடைந்து கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். இல்லையென்றால் வெண்ணெயின் அதிர்ஷ்டம் அவரோடு போய்விடுமாம். அப்புறம் அடுப்பு. சதுப்பு நிலத்தில் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்த கட்டிதான் அங்கே விறகு. படுக்கும் முன் கனலைச் சாம்பலுக்குள் புதைத்து ஒரு ஜெபம் சொல்வார்கள். காலையில் சாம்பலைக் கிளறி அதே கனலிலிருந்து புது நெருப்பு. நம் ஆச்சி சாணி வறட்டியில் கங்கு காத்தது ஞாபகம் வந்தது.

அடுத்து தோமஸ் ஓ கிரிஹன் தன் வாழ்க்கையை எழுதிய 'தீவுக்காரன்'. 1929ல் ஐரிஷ் மொழியில் வந்தது, ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. அவர் அயர்லாந்தின் தென்மேற்கே கெர்ரி கரைக்கு அப்பால் இருக்கிற பிளாஸ்கெட் தீவு மீனவர். பெரிய ஆளான பிறகுதான் தன் மொழியை எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். அதில் ஒரு இடத்தில், உடைந்த கப்பலிலிருந்து தேயிலை கரை ஒதுங்குகிறது. தீவில் யாருக்கும் அது என்னவென்று தெரியாது. ஒருத்தி பாவாடைக்குச் சாயம் போட்டாள், இன்னொருத்தி பன்றிக்கு வைத்தாள்! 1953ல் கடைசியாக இருந்த சிலரையும் அரசாங்கம் கரைக்குக் கொண்டுவந்துவிட்டது. இப்போது தீவில் இடிந்த வீடுகள்தான். அதே தீவின் பெக் சேயர்ஸ் கிழவி மகனிடம் சொல்லி எழுதவைத்த புத்தகமும் உண்டு. அதைப் பள்ளியில் பாடமாக வைத்துப் பல தலைமுறைக்குக் கசக்கவைத்துவிட்டார்கள் என்பதால், அங்கே யாரிடமும் சிபாரிசு கேட்காதே.

பஞ்சத்தைப் பற்றி செசில் வுட்ஹாம் ஸ்மித் 1962ல் எழுதியதைக் கடைசியாக வைத்துக்கொள். 1845ல் உருளைக்கிழங்கு அழுகியதில் தொடங்கியது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் கப்பலேறிவிட்டார்கள். தானியமோ துறைமுகம் வழியாக ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தது. லண்டன் கஜானாவில் உட்கார்ந்து நிவாரணத்துக்குக் கையைச் சுருக்கிய சார்லஸ் ட்ரெவெல்யன்தான் 1859ல் நம் சென்னைக்கு கவர்னராக வந்தார். அந்தப் பெயரைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.

இன்னொன்று, இதைச் சொன்னால் சிரிப்பாய். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் 31 வருஷம் புத்தகம் எடுத்துக் கொடுத்தவன் நான். கன்னிமார் சாமி பெயர் என்று நினைத்து வந்தவர்களை எல்லாம் திருத்தியிருக்கிறேன், "அது ஒரு கவர்னர் பெயருய்யா" என்று. அந்த கவர்னர் பிரபு பட்டம் வாங்கியபோது பெயராக எடுத்துக்கொண்டது, கால்வேயில் உன் வீட்டுக்கு மேற்கே இருக்கிற ஊர்ப்பக்கத்தின் பெயர் என்பது நீ அங்கே போன பிறகுதான் எனக்கே தெரியும்.

சரி. டீ ஸ்ட்ராங்காக இல்லை என்று தினம் உன்னோடு சண்டை போடுகிற பாட்டி இருக்கிறாரே, அவரிடம் அந்தப் பாவாடைக் கதையைச் சொல்லிப் பார். அவர் அம்மா கனலை மூடும்போது என்ன சொல்வார் என்றும் கேள். சரி என்று சொன்னால் போனில் பதிவு செய்து அனுப்பு. ஐரிஷில் சொன்னாலும் பரவாயில்லை, கேட்கிறேன். மாவடு பார்சல் திங்கட்கிழமை போட்டாயிற்று.

அன்புடன்,
அப்பா