வீட்டுச்செடி சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் நேரே ஹோயா என்ற பூக்கொடிக்கு வந்துவிடுகிறேன், ஆண்டு முழுக்க நாம் அதிகம் பேசியது அதைப் பற்றித்தான்.

முதலில் இதய இலை. காதலர் தின சமயத்தில் சின்னத் தொட்டியில் ஒற்றை இலையாக விற்கிறார்களே, அந்த ஹோயா கெர்ரியைப் பலரும் ஆசையாக வாங்கினார்கள். தண்டின் கணு ஒட்டாமல் வெட்டிய இலை வேர் விடும், வருஷக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், ஆனால் கொடியாக வளராது. இதைச் சொல்லாமல் விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் நம் செடிப் பரிமாற்றத்தில் இனி கணுவுள்ள தண்டுகளை மட்டுமே ஏற்பது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

அப்புறம், "பூக்கவே மாட்டேங்குது" என்ற புகார். பெரும்பாலும் வெளிச்சம்தான் காரணம். ஹால் மூலையில் டிவி பக்கத்தில் வைத்தால் இலை அழகாக இருக்கும், மொட்டு வராது, காலை வெயில் படும் கிழக்கு ஜன்னலுக்கு மாற்றிவிட்டு மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். இன்னொன்று, பூ உதிர்ந்ததும் காம்பை வெட்டிவிடுகிறோம். தயவுசெய்து வெட்டாதீர்கள்! அந்தக் குட்டைக் காம்பை உற்றுப் பாருங்கள், பழைய பூக்கள் விழுந்த தழும்புகள் நெருக்கமாக இருக்கும், அடுத்த கொத்தும் அதே முனையில்தான் வரும். ஒரு உறுப்பினர் வீட்டு ஹோயா பியூபிகேலிக்ஸ் பூத்தபோது கொத்தைக் கொண்டுவந்து காட்டினார்: பூ நடுவே எருக்கம்பூவில் இருப்பதுபோல ஒரு கிரீடம், அதன் மேல் தேன் துளி. இரண்டும் ஒரே குடும்பம், கிள்ளினால் பால் வடியும்.

காட்டில் மரத்தைத் தொற்றி வளரும் கொடி இது, வேருக்குக் காற்று வேண்டும். செம்மண்ணை அடைத்து வைக்காமல் தேங்காய் மட்டைத் துண்டு, கரி, கொஞ்சம் தொழுவுரம் என்று கலந்து வையுங்கள். மேல்பகுதி காய்ந்தபின் தண்ணீர் போதும், ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் குறைவாக. இலை சுருங்கினால் உடனே ஊற்றாதீர்கள். வேர் அழுகினாலும் இலை சுருங்கும், தொட்டி ஈரமாக இருந்தால் செடியை எடுத்து வேரைப் பாருங்கள். கணுவிலும் பூக்காம்பிலும் மாவுப்பூச்சி ஒளியும், வேப்பெண்ணெயில் சோப்புக்கரைசல் கலந்து அடிக்கலாம்.

ஒரு வேண்டுகோள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே ஹோயா வைட்டி என்ற இனம் இருக்கிறது. மலைக்குப் போகிறவர்கள் படம் எடுத்து வாருங்கள், கொடியைப் பிடுங்க வேண்டாம், அப்படி வந்த செடியைப் பரிமாற்றத்தில் வாங்க மாட்டோம்.

தண்டுகள் தருபவர்கள் இனத்தின் பெயரை எழுதி ஒட்டி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.