பாய்லருக்கு பச்சை பெயிண்ட்

தம்பி,

நல்லா இருப்பேன்னு நெனைக்கிறேன். ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட ரெண்டு நிமிஷம் பேசிட்டு வச்சுட்டியாம், நான் கொல்லையிலதான் இருந்தேன், கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன். சரி விடு. நேரத்துக்கு சாப்பிடு.

மாமா சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்த பொம்மை ஸ்டீம் எஞ்சின பரண்லேர்ந்து எறக்கிட்டேன். பாய்லர்ல பச்சை பெயிண்ட் பொருக்கு பொருக்கா உரிஞ்சு கெடந்துச்சு. ரிமூவர் போட்டு வழிச்சு, 400 நம்பர் வாட்டர் பேப்பர்ல தேய்ச்சு, தின்னர்ல தொடச்சேன். பித்தளைல பெயிண்ட் சும்மா நிக்காது, எட்ச் பிரைமர் அடிச்சாதான் புடிக்கும். தொடச்சப்புறம் கை படக்கூடாதுனு ஒர்க்ஷாப்ல எத்தனை பசங்களுக்கு சொல்லிக்குடுத்திருப்பேன், நானே கட்டவிரல வச்சுட்டேன் போல, மேல் கோட்டு காஞ்சதும் அந்த எடம் மட்டும் ரேகையோட தூக்கிட்டு நிக்குது. மறுபடி தேய்க்கணும்.

கடைக்காரர் சைலன்சருக்கு அடிக்கிற ஹீட் ப்ரூஃப் டப்பாவ நீட்டினாரு. அத 200 டிகிரில சுட்டாதான் கெட்டியாகும்னு போட்டிருக்கு, நம்ம பாய்லர் மூடியில இருக்கிற ஈயப்பத்து 183லயே எளக ஆரம்பிச்சுடும். சாதா எனாமலே போதும்னுட்டேன். உள்ள தண்ணி இருக்கிற வரைக்கும் பித்தளை 100 சொச்சத்துலயே நிக்கும். தண்ணி இருக்கானு பாக்காம மட்டும் பத்த வைக்கக்கூடாது.

பாப்பாவுக்கு ஸ்கூல் தொறந்திருக்குமே, இன்னும் கரூர்லயேவா இருக்காங்க? அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா. நானும் கேக்கல. நீ பெரிய ஆளு, உனக்கு தெரியாததா. நேரத்துக்கு சாப்பிடு, தினமும் வெளிய வாங்கி சாப்பிடாத.

பெயிண்ட வழிச்சதும் அந்த ஈயப்பத்து கோணலா தெரிஞ்சுது, நான் வச்சதுதான். 1928ல நாகப்பட்டினம் ரயில்வே பட்டறைய பொன்மலைக்கு மாத்துனப்ப கூடவே வந்த உன் பூட்டன்லேர்ந்து பாய்லர் பாத்த குடும்பம்டா, அதுல பொறந்துட்டு தண்ணியில்லாம எரிச்சிட்டியேனு மாமா முன்னாடி பெல்ட்டால அடிச்சேன்ல, நீ ஆறாவது படிச்சே. தண்ணி இருக்குனு அப்பாதான் சொன்னாருனு அழுதே. சொன்னேன்தான்டா. முந்தின ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ஓட்டிப் பாத்துட்டு திரும்ப ஊத்தாம வச்சது நான்தான், அடிக்கும்போதே ஞாபகம் வந்துடுச்சு, கைய நிறுத்தல.

அப்புறம், வெள்ளிக்கிழமை எனக்கு கரூர் பக்கம் ஒரு வேலை இருக்கு. பெயிண்ட் அதுக்குள்ள காஞ்சிடும். பாப்பாகிட்ட எஞ்சின காட்டிட்டு வரலாம்னு பாக்குறேன். வேணாம்னா ஒரு வரி போடு, போகல.

அப்பா