“வேறு வழியில்லை” என்று சொன்னவர்களைப் பற்றி மகளுக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அங்கே ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் உன்னோடு வேலை பார்க்கும் பெண், தன் பாட்டியின் தம்பிகள் இருவரும் 1943 ஜூலையில் பிரிட்டிஷ் குண்டுவீச்சால் அந்த ஊரில் மூண்ட தீயில் இறந்ததைச் சொன்னதாகவும், பக்கத்தில் இருந்த இன்னொருவர் “போரைத் தொடங்கியது நாம்தானே, அவர்களுக்கும் வேறு வழியில்லை” என்று அந்தப் பேச்சை முடித்துவிட்டதாகவும், எது நியாயம் என்று தெரியாமல் நீ பேசாமல் இருந்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் பேசி முடிக்கிற விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை.

இந்த இரண்டாம் உலகப் போரைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவள் நான். பாடப்புத்தகம் காரணங்களை வரிசையாக அடுக்கும்: வெர்சாய் உடன்படிக்கை, பொருளாதாரப் பெருமந்தம், ஹிட்லரின் எழுச்சி, மியூனிக் ஒப்பந்தம், போலந்து. எல்லாம் உண்மைதான். ஆனால் மழை பெய்தது, குளம் நிரம்பியது, கரை உடைந்தது என்பது போல, யாரும் எதுவும் செய்யாமலேயே போர் வந்து சேர்ந்தது என்ற எண்ணத்தை அந்த வரிசை பிள்ளைகள் மனத்தில் பதித்துவிடுகிறது. அது சரியல்ல. ஜெர்மனியை நசுக்கியதாகச் சொல்லப்படும் போர் இழப்பீடு 1932இல் லோசான் மாநாட்டோடு ஏறக்குறைய முடிந்துபோனது. அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சியின் வாக்குகள் குறைந்து 33 சதவீதத்துக்கு இறங்கின. அதற்குப் பிறகுதான், 1933 ஜனவரி 30ஆம் தேதி, ஹிட்லரைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பிய முன்னாள் பிரதமர் பாப்பன் போன்றவர்களின் பேச்சைக் கேட்டுக் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அவரைப் பிரதமராக நியமித்தார். 1938இல் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியை அந்த நாட்டைக் கேட்காமலேயே ஹிட்லருக்குத் தூக்கிக் கொடுத்த பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினும், 1939 ஆகஸ்ட் 23இல் போலந்தைப் பங்கு போடும் இரகசிய ஒப்பந்தத்தோடு ஹிட்லரிடம் கைகோத்த ஸ்டாலினும், தமக்கு வேறு வழியில்லை என்றே எண்ணினார்கள். அந்த வார்த்தையை யார் சொன்னாலும், எந்தத் தேதியில் சொன்னார், அன்றைக்கு அவர் முன் வேறு என்ன வழி இருந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான். நாஜி ஜெர்மனியைப் படைபலத்தால் தோற்கடித்தே ஆகவேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அந்தப் போருக்குள் செய்யப்பட்டது ஒவ்வொன்றும் சரியா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கும் கொடுத்துவிடக் கூடாது.

உன் ஊரையே எடுத்துக்கொள்வோம். 1943 ஜூலை 24 முதல் ஆகஸ்ட் 3 வரை ஹாம்பர்க்கை இரவில் பிரிட்டிஷ் விமானங்களும் பகலில் அமெரிக்க விமானங்களும் தாக்கின. ஜூலை 27ஆம் தேதி இரவில் வந்தவை மட்டும் 700க்கு மேல். பல நாள் வெயிலில் காய்ந்து கிடந்த ஹம்மர்புரோக், ரோத்தன்பர்க்சோர்ட் பகுதிகளில், தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த அடுக்குக் கட்டடங்களில், தனித்தனியாகப் பற்றிய தீ ஒன்றாகச் சேர்ந்து, சுற்றியிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சிப் புயலாக மாறியது. தெருவில் ஓடியவர்களின் கால்கள் உருகிய தாரில் சிக்கின. நிலவறைகளில் ஒளிந்தவர்கள் நச்சுப் புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். அந்தப் பத்து நாள் தாக்குதலில் இறந்தவர்கள் குறைந்தது 34,000 பேர். ஊரை விட்டு ஓடியவர்கள் சுமார் 9 லட்சம். ஓல்ஸ்டார்ஃப் கல்லறைத் தோட்டத்தில் அவர்களைப் பெருங்குழிகளில் புதைத்தார்கள். அங்கே குறுக்கே கிடத்தியிருக்கும் மரக்கட்டைகளில் ஆட்களின் பெயர்கள் இல்லை, ஊர்ப் பகுதிகளின் பெயர்கள்தான் செதுக்கப்பட்டிருக்கின்றன.

இது கைதவறி நடந்ததல்ல. 1942 பிப்ரவரி 14ஆம் தேதியிட்ட பிரிட்டிஷ் விமானப்படை ஆணை, எதிரி நாட்டுக் குடிமக்களின், குறிப்பாக ஆலைத் தொழிலாளர்களின் மன உறுதியைக் குலைப்பதையே குண்டுவீச்சின் முதன்மை நோக்கமாக வைத்தது. பிரான்ஸ் வீழ்ந்து, 1939இல் எரிந்த வார்சாவைத் தொடர்ந்து ராட்டர்டாமும் கவென்ட்ரியும் ஜெர்மன் குண்டுகளால் எரிந்த 1940இல், ஜெர்மனிக்குள் கை நீட்டிச் சண்டையிட பிரிட்டனிடம் இருந்தது விமானப்படை ஒன்றுதான். அன்றைக்கு “வேறு வழியில்லை” என்று அவர்கள் சொல்லியிருந்தால் நான் காது கொடுப்பேன். 1943 கோடையில் நிலைமை அதுவல்ல. ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சரணடைந்து மாதங்கள் கடந்திருந்தன. போரின் பெரும்பாரத்தைச் சோவியத் மக்கள் சுமந்துகொண்டிருந்தார்கள். வெற்றி நெருங்க நெருங்கத் தெரிவுகள் கூடின. தெரிவு கூடியபோது பொறுப்பும் கூடியது என்றே நான் கருதுகிறேன். அந்தக் காலத்திலேயே இதைச் சொன்னவர் இருக்கிறார். நாஜிகளைத் தொடக்கம் முதலே எதிர்த்து, ஜெர்மன் அகதிகளுக்குக் கைகொடுத்த சிச்செஸ்டர் ஆயர் ஜார்ஜ் பெல், 1944 பிப்ரவரி 9ஆம் தேதி பிரபுக்கள் சபையில் எழுந்து, நகரங்களை முழுமையாக அழிப்பது எந்த நியாயத்தில் சேரும் என்று கேட்டார். போர் நடந்துகொண்டிருக்கும்போது தன் நாட்டு அரசை அப்படிக் கேட்பதற்கு மிகுந்த துணிவு வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்த பிறகு, 1945 மார்ச் 28இல், சர்ச்சிலே அச்சமூட்டுவதற்காக நகரங்களைக் குண்டுவீசி அழிப்பதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று குறிப்பு எழுதினார். படைத்தலைவர்கள் எதிர்க்கவே அதைத் திரும்பப் பெற்று, மென்மையாக்கி வேறொன்று எழுதினார்.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் உன் ஊரின் பாதிக் கதையைத்தான் சொன்னவளாவேன். ஹாம்பர்க்கில் இருந்து போலந்துக்கு அனுப்பப்பட்ட 101ஆம் காவல் பட்டாளத்தில் சுமார் 500 பேர் இருந்தார்கள். துறைமுகக் கூலிகள், லாரி ஓட்டுநர்கள் போன்ற, பெரும்பாலும் நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்கள். 1942 ஜூலை 13 அதிகாலையில் யூசெஃபூஃப் என்ற ஊரில் அவர்களின் தளபதி டிராப், அங்குள்ள யூதர்களில் பெண்கள், குழந்தைகள், முதியவர்களைச் சுட்டுக்கொல்ல ஆணை வந்திருக்கிறது என்றும், முடியாது என்பவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அப்போது முன்னே வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அவர்களை யாரும் தண்டிக்கவில்லை. மற்றவர்களில் பெரும்பாலோர் அன்று மாலைக்குள் சுமார் 1,500 பேரைக் கொன்றுமுடித்தார்கள். பாப்பா, இந்தப் போரைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் அலைக்கழித்தது இதுதான். இங்கே வேறு வழி இருந்தது. அதை அவர்கள் காதில் விழும்படி எடுத்தும் சொன்னார்கள்.

நீ அடிக்கடி போகும் ஹாஃபன்சிட்டியில் லோசபிளாட்ஸ் என்ற இடம் இருக்கிறது. 1940க்கும் 1945க்கும் இடையில் அங்கிருந்த ஹனோவர் ரயில் நிலையத்தில் 8,000க்கும் மேற்பட்ட யூதர்களையும் சிந்தி, ரோமா என்ற ஐரோப்பியச் சிறுபான்மை இன மக்களையும் ஏற்றி அனுப்பினார்கள். நாடுகடத்தப்பட்ட யூதர்களின் கட்டிலும் மேசையும் துணிமணியும், நெதர்லாந்து முதலிய நாடுகளில் பறித்தவை உட்பட, ஹாம்பர்க்கில் ஏலத்துக்கு வந்தன. குண்டுவீச்சில் வீடிழந்த குடும்பங்களும் அவற்றை வாங்கின. எரிந்த வீட்டுக்காரர் பாதிக்கப்பட்டவர் என்பது உண்மை. அவர் வாங்கிய கட்டில் யாருடையது என்பதும் உண்மை. ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடாது. தீப்புயல் வீசிய அதே ரோத்தன்பர்க்சோர்ட்டில், புல்லன்ஹூசர் டாம் பள்ளிக் கட்டடத்தின் நிலவறையில், 1945 ஏப்ரல் 20ஆம் தேதி இரவு, காசநோய்ப் பரிசோதனைக்குப் பயன்படுத்திய 20 யூதக் குழந்தைகளை நாஜிகள் தூக்கிலிட்டார்கள். பிரிட்டிஷ் படை நெருங்கியதால் தடயத்தை அழிக்கும் அவசரம் அவர்களுக்கு. அடுத்த இரண்டு வாரத்துக்குள் நகரம் சரணடைந்துவிட்டது.

ஆகவே உன் தோழியிடம் அவள் பாட்டியின் தம்பிகளைப் பற்றி முழுமையாகக் கேள். அந்தத் துக்கத்துக்கு நடுவே, யூதர்களைக் கூட்டமாகக் கொன்ற ஆஷ்விட்ஸ் முகாமைக் கொண்டுவந்து வைக்காதே. குழந்தைகள் எரிந்ததற்கு அது பதிலாகாது. ஆனால் இரண்டு தரப்பும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் அதையும் ஒப்புக்கொள்ளாதே. பிரிட்டிஷாரின் குண்டுவீச்சு ஜெர்மனி சரணடைந்ததும் நின்றது. யூதர்களைக் கொன்றவர்களுக்கோ, அவர்கள் சரணடைந்தாலும் விடும் எண்ணம் இல்லை. அந்த மக்கள் இருக்கவே கூடாது என்பதுதான் நோக்கம்.

நகரங்கள் மீது குண்டு வீசியதற்காக, போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பெர்க் நீதிமன்றம் யாரையும் தண்டிக்கவில்லை. இரு தரப்பும் செய்த ஒன்றைக் குற்றம் என்று சொல்ல வென்றவர்கள் தயங்கினார்கள். ஒரு நகரத்தை முழுவதும் ஒரே இலக்காகக் கருதித் தாக்குவதைத் தெளிவாகத் தடைசெய்தது 1977இல் ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறை. அதை அமெரிக்கா இன்னும் உறுதிசெய்யவில்லை. நம் இந்தியாவும் அதில் சேரவில்லை. அந்தப் போரில் நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் வைஸ்ராய் லின்லித்கோ இழுத்துவிட்டபோது நமக்கு உண்மையிலேயே வேறு வழியில்லை. இன்று நம்மை நாமே ஆளுகிறோம். கையெழுத்திடாமல் இருப்பது நம் அரசு தானே எடுத்த முடிவு, அது ஏன் என்று நாம் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா